'சிங்கின் இன் தி ரெயின்' 4கே வட்டு: லீனாவின் குரலுக்காக வாங்கியது

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என் கதை.

1952இல் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்த 'சிங்கின் இன் தி ரெயின்' படத்தின் 4கே வட்டு இது. எழுபதாம் ஆண்டை ஒட்டி வார்னர் நிறுவனம் 2022இல் வெளியிட்டது. பக்கத்துக் கடைகளில் கேட்டுப் பார்த்தேன். வட்டு என்றதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கடைசியில் ஓர் இணையக் கடையில் இறக்குமதிச் சரக்காக வாங்கினேன், மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. வந்து சேர்ந்தபோது டப்பாவின் மூடி ஒரு பக்கம் கழன்றிருந்தது. உள்ளே வட்டு லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மாற்றித் தரச் சொல்லி எழுதினேன். ஒரு மன்னிப்பும், அடுத்த முறை வாங்கினால் பத்து சதவீதத் தள்ளுபடியும் வந்தன. வட்டில் கீறல் இல்லாததால் சண்டையை அதோடு விட்டேன். டப்பா இப்போது ரப்பர் பேண்டில் நிற்கிறது.

வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். புளூரே வட்டுகளுக்கு நாட்டுக்கு நாடு மாறுகிற மண்டலப் பூட்டு இருக்கலாம்: அமெரிக்கா 'ஏ' மண்டலம், நம் நாடு 'சி' மண்டலம். ஆகவே அமெரிக்க புளூரேயை வாங்கினால் இங்குள்ள பிளேயர் ஏற்காமல் போகலாம். 4கே வட்டுக்கு இந்த மண்டலத் தொல்லை கிடையாது. தனியாக பிளேயர்கூட வாங்கவில்லை, மகன் விளையாட வைத்திருக்கிற பிளேஸ்டேஷன் 5 முணுமுணுக்காமல் ஓட்டியது. திரையின் இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை வரும். அது பழுதல்ல, அந்தக் காலத்துப் படம் ஏறக்குறையச் சதுரம். ஜூம் பண்ணித் திரையை நிரப்பிவிடாதீர்கள். ஆடுகிறவர்களின் கால் போய்விடும், கால் போனால் இந்தப் படத்தில் பாதி போய்விடும். தமிழ் சப்டைட்டில் இல்லை, ஆங்கிலம் உண்டு.

வண்ணம் அருமை. அந்த மஞ்சள் மழைக்கோட்டுகள் டிவியிலிருந்து எழுந்து வந்து சோபாவில் உட்கார்ந்துவிடும் போல இருக்கின்றன. ஆனால் நான் வண்ணத்துக்காக வாங்கவில்லை. விளக்கை அணைத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பாதி நேரம் கண்ணை மூடியேதான் கேட்டேன்.

தொழில் புத்தி. இருபத்தாறு வருடமாக டப்பிங் பேசுகிறேன். வீடு சாலிகிராமம், ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் ஷேர் ஆட்டோ தூரம். கதாநாயகிக்கும் பேசியிருக்கிறேன். ஆனால் அதிகம் பேசியது அண்ணிக்கு, நர்ஸுக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்கு, திருவிழாக் கூட்டத்தில் 'அய்யோ குழந்தையக் காணோமே' என்று அலறிவிட்டு மறைந்துபோகிறவளுக்கு. ஊருக்கெல்லாம் இந்தப் படம் என்றால் மழை, குடை, விளக்குக் கம்பம். எனக்கு இது டப்பிங் படம்.

கதை 1927இல் நடக்கிறது. மௌனப் படம் முடிந்து பேசும் படம் வந்துவிட்ட சமயம். (நம் ஊரில் 1931இல் 'காளிதாஸ்' வந்தபோது டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார். படம் பேசியதே பெரிய விஷயமாக இருந்திருக்கிறது.) டான் லாக்வுட், லீனா லமாண்ட் இருவரும் மௌனப் படத்தின் பெரிய ஜோடி. லீனா பேரழகி. ஆனால் வாயைத் திறந்தால் தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு குரல். எடுத்த பேசும் படம் கேலிக்கூத்தாகிவிட, கேத்தி என்கிற புதுப் பெண்ணை மைக் முன்னால் நிறுத்தி, லீனாவுக்குப் பதிலாகப் பேசவும் பாடவும் வைக்கிறார்கள். டானாக ஜீன் கெல்லி, கேத்தியாக டெபி ரெனால்ட்ஸ், லீனாவாக ஜீன் ஹேகன். ஜீன் கெல்லி ஆண், ஜீன் ஹேகன் பெண். ஆங்கிலத்தில் எழுத்து வேறு வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்ய.

இந்தப் படத்தை முதலில் பார்த்தது தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு தோழி வீட்டு வீடியோ கேசட்டில். அன்று நான் முழுக்க முழுக்கக் கேத்தி கட்சி. வேறு எந்தக் கட்சியில் சேர முடியும்? கடைசியில் திரைச்சீலையை இழுத்துக் கேத்தியை உலகத்துக்குக் காட்டுகிறபோது தேம்பித் தேம்பி அழுதேன். லீனா ஒரு பொம்மை, அவ்வளவுதான் அன்றைய கணக்கு.

இந்த முறை என் காது லீனாவை விட்டு நகரவில்லை.

படத்தில் அவளை எப்படி ஒளித்துவைக்கிறார்கள் பாருங்கள். புதுப் பட வெளியீட்டு விழா. காரிலிருந்து இறங்குகிறாள், கை அசைக்கிறாள், புன்னகைக்கிறாள். டான் தன் பழைய கதையைச் சொல்கிறான். அதிலும் லீனா வருகிறாள், பேசவில்லை. மேடையில் ஜனங்கள் அவளைப் பேசச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், டான் குறுக்கே வந்து தானே பேசிவிடுகிறான். இப்படிப் பத்து நிமிடம் போல ஓடிவிடுகிறது. மேடைக்குப் பின்னால் வந்ததும்தான் அந்தக் குரல் வெடிக்கிறது. தியேட்டரே சிரிக்கிற இடம். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் ஹேகன் வெறும் முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்கிறார் என்பதை யாரும் சொல்வதில்லை. பேச வாயெடுக்கிறாள், தடுக்கப்படுகிறாள், உடனே புன்னகையை ஒட்டிக்கொள்கிறாள். திரும்பப் போட்டுப் பார்த்தால் கோபம் அங்கேயே சேர்ந்துகொண்டிருப்பது தெரிகிறது. அந்தக் குரல் வெறும் நகைச்சுவைக்காக வரவில்லை, பத்து நிமிடம் வாய் பொத்தப்பட்டவள் கத்துகிற கத்தல் அது.

சரி, குரலுக்கு வருகிறேன். கெட்ட குரலில் பேசுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை செய்து பாருங்கள். சில வருடம் முன்பு ஒரு சீரியலில், 'காது வலிக்கிற மாதிரி ஒரு பொம்பளை வேணும்மா' என்றார் இயக்குநர். மூக்கை அடைத்து, தொண்டையை நெரித்து, உச்சத்துக்கு ஏற்றி ஒரு குரல் கொடுத்தேன். முதல் டேக் ஓகே. இரண்டாவது காட்சிக்குள் குரல் நழுவி என் சொந்தக் குரல் எட்டிப் பார்த்துவிட்டது. நான்காம் காட்சியில் அது வேறு யாரோ ஒருத்தியின் குரல். 'மொத சீன்ல பேசுன பொம்பளை எங்கம்மா போனா?' என்று கேட்டார். மறுநாள் எனக்குப் பேச்சே வரவில்லை.

ஹேகன் அந்தக் குரலில் படம் முழுக்க நிற்கிறார். கோபத்தில், கொஞ்சலில், மிரட்டலில், அழுகைக்குப் பக்கத்தில், எங்கேயும் அது லீனாதான். பேச்சுப் பயிற்சிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஐ கான்ட் ஸ்டாண்ட் ஹிம்' என்பதில் வருகிற 'கான்ட்'டை ஆசிரியை வாயை உருட்டிச் சொல்லித் தருகிறார். லீனா அதைத் தட்டையாக, மூக்கில் மாட்டிச் சொல்கிறாள். திரும்பத் திரும்ப, அதே இடத்தில், அதே அளவு தப்பு. சரியாகச் சொல்வதற்கு ஒரு வழிதான் உண்டு. தப்பாகச் சொல்ல ஆயிரம் வழி. அந்த ஆயிரத்தில் ஒன்றைப் பிடித்து விடாமல் நிற்பதற்குக் காது வேண்டும். அந்தக் காட்சிக்கு மட்டும் சப்டைட்டிலை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

அப்புறம் மைக்கை ஒளிக்கிற காட்சி. முதலில் செடிக்குள் வைக்கிறார்கள். லீனா தலையைத் திருப்பித் திருப்பிப் பேச, வார்த்தை ஒன்று விட்டு ஒன்று பதிவாகிறது. அடுத்து அவள் உடைக்குள் வைக்கிறார்கள். இதயத் துடிப்பு கேட்கிறது. நான் சிரித்த சிரிப்பில் மகன் அறையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனான். தலையைத் திருப்பினால் குரல் 'ஆஃப்' ஆகிவிடும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. முதல் மாதம் என்னைத் திட்டாத நாள் கிடையாது. ஹேகன் அந்தத் திருப்பலை எவ்வளவு அளந்து செய்கிறார் என்றால், எந்த வார்த்தை விழும், எந்த வார்த்தை போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாதவளாக நடிப்பதுதான் வேலை.

இனி நான் இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்த காரணம்.

கேத்தி மைக் முன்னால் நிற்கிறாள். திரையில் லீனாவின் வாய் அசைகிறது. கேத்தி அதைப் பார்த்துப் பார்த்து, கனிவான, மெருகேறிய குரலில் காதல் வசனம் பேசுகிறாள். என் வேலை அப்படியே படமாக்கப்பட்ட காட்சி. அந்தக் கனிவான குரல் டெபி ரெனால்ட்ஸுடையது என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். இல்லை. அது ஜீன் ஹேகனின் சொந்தக் குரல். லீனாவுக்குக் கேத்தி டப்பிங் பேசுகிற காட்சியில், கேத்தியாக நடித்தவருக்கு டப்பிங் பேசியது லீனாவாக நடித்தவர். பிரபுக்கள் பேசுவது போன்ற ஆழமான, உருண்ட பேச்சு தேவைப்பட்டிருக்கிறது. அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் அது யாரிடம் இருந்தது? காது வலிக்கப் பேசிய அதே பெண்ணிடம்.

அந்த இடத்தை ஏழு தடவை போட்டுக் கேட்டேன். கண்ணை மூடினால் இரண்டும் ஒரு தொண்டை என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாது. மூச்சு எடுக்கிற இடத்தில் மட்டும் எங்கேயோ ஒரு சாயல். அதுகூட விஷயம் தெரிந்த பிறகு என் காது கற்பித்துக்கொண்டதாக இருக்கலாம்.

பாட்டு இன்னொரு கூத்து. கேத்தி லீனாவுக்காகப் பாடுவதாக வருகிற 'வுட் யூ' பாட்டை உண்மையில் பாடியவர் பெட்டி நோய்ஸ். ஆக, படத்தில் லீனாவுக்குப் பின்னால் கேத்தி, கேத்திக்குப் பின்னால் பெட்டி நோய்ஸ். பின்னணியில் பாடிய பெண்ணுக்குப் பெயர் கிடைத்தே ஆக வேண்டும் என்று கொடி பிடிக்கிற படம் இது. அந்தப் படத்தின் டைட்டிலில் பெட்டி நோய்ஸின் பெயர் இல்லை. டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பேச்சு ஆசிரியையாக வந்து சிரிக்க வைக்கிற கேத்லீன் ஃப்ரீமன் பெயரும் கிடையாது. நம் ஊரில் கடைசியில் எறும்பு ஊர்வது மாதிரி ஓடுகிற பட்டியலிலாவது எங்கள் பெயர் சில சமயம் வரும், பாப்கார்ன் டப்பாவை மிதித்துக்கொண்டு ஜனங்கள் வெளியே போகிறபோது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு லீனாவை வெறும் வில்லியாகப் பார்க்க முடியவில்லை. அதற்காக அவள் நல்லவள் என்று சொல்ல வரவில்லை. கேத்தி காலம் முழுக்கத் தனக்குக் குரல் கொடுத்துக்கொண்டே கிடக்க வேண்டும், வேறு எதிலும் முகம் காட்டக்கூடாது என்கிறாள். இந்த மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும். ஒரு நடிகைக்கு மூன்று படம் பேசினேன். ஒரு பேட்டியில் தன் குரலை எல்லோரும் புகழ்கிறார்கள் என்று அந்த அம்மா வெட்கப்பட்டார். நான் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அதைப் பார்த்தேன். கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் ஹேகன் லீனாவை முட்டாளாக விட்டுவிடவில்லை, அதுதான் அவர் சாமர்த்தியம். கடைசிப் பகுதியில் அவள் தன் ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்துவிட்டு வந்து, ஸ்டுடியோ முதலாளியையே மூலையில் மடக்குகிறாள். தன்னை மக்கு என்று நினைத்தீர்களா என்று கேட்கிறாள். தகரக் குரல்தான், ஆனால் அந்தக் காட்சியில் யாருக்கும் சிரிப்பு வராது. நடிகர்கள் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்ட காலம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நானும் அப்படிப் போட்டவள்தான். ஒப்பந்தத்தைப் படித்த ஒரே ஆள் லீனா. மௌனப் படத்தில் நன்றாகத்தான் வேலை செய்தாள். தொழில்நுட்பம் மாறியது அவள் குற்றமா? இன்று இயந்திரத்தை வைத்து எங்கள் குரலை நகல் எடுக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து நான் கேத்தியா லீனாவா என்று எனக்கே குழப்பம்.

ஹேகனைப் பற்றிக் கொஞ்சம். பிறந்தது 1923இல், சிகாகோவில். நாடகம் படித்தவர், வானொலியில் நடித்தவர். வானொலி என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது, முகமில்லாமல் குரலை மட்டும் வைத்துப் பிழைக்கக் கற்ற இடம் அது. 'பார்ன் எஸ்டர்டே' நாடகத்தில் ஜூடி ஹாலிடேக்கு மாற்று நடிகையாக இருந்தார், அதுவும் கீச்சுக் குரல் பாத்திரம். 'தி அஸ்ஃபால்ட் ஜங்கிள்' என்ற 1950ஆம் வருடப் படத்தில் அவரைப் பார்த்தால் அடையாளமே தெரியாது, உடைந்துபோன ஒரு பெண்ணாக வருவார். லீனாவுக்காக ஆஸ்கர் துணை நடிகைப் பட்டியலில் பெயர் வந்தது. பரிசு, இன்னொரு எம்.ஜி.எம். படத்தில் சில நிமிடங்களே வந்த குளோரியா கிரஹாமுக்குப் போனது. பிறகு டிவி தொடரில் மனைவி வேடம். அங்கே மூன்று முறை எம்மி பரிந்துரை. அவர் தொடரை விட்டுப் போனதும் அந்தப் பாத்திரத்தையே சாகடித்துவிட்டார்கள். 1977இல், 54 வயதில், இறந்தார்.

ஆகவே வட்டில் உள்ள விளக்க உரைத் தடத்தில், அதாவது படம் ஓட ஓட அதைப் பற்றிப் பேசுகிற ஒலித் தடத்தில், அவர் இல்லை. 2002 டிவிடிக்காகச் சேர்த்த தடம் அது: டெபி ரெனால்ட்ஸ், டொனால்ட் ஓ'கானர், சிட் சரீஸ், கேத்லீன் ஃப்ரீமன், இயக்குநர் ஸ்டான்லி டோனன், கதை எழுதிய பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் என்று ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். எல்லோரும் வயதானவர்கள், ஆளுக்கு ஆள் அன்பாகப் பேசுகிறார்கள். வாங்கியதற்கு இது ஒன்றே போதும் என்று சொல்வேன். ஆனால் லீனா வரும் காட்சிகளில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிற மாதிரி இருக்கிறது. அவரைப் பற்றி அவர்கள் பேச, அடியில் அவர் குரல் மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

படத்தில் குறையே இல்லையா என்றால் உண்டு. பிராட்வே நடனப் பகுதி பத்து நிமிடத்துக்கு மேலே போகிறது. சிட் சரீஸ் கால் தூக்குகிற அழகுக்குக் கும்பிடு போட்டுவிட்டேன். இருந்தாலும் கதை அங்கே நின்றுவிடுகிறது, முக்கியமாக லீனா இல்லை. இரண்டாம் முறை ஓட்டிவிட்டேன். கடைசியில் லீனாவைத் துரத்துகிற விதமும் இப்போது கொஞ்சம் கொடூரமாகப் படுகிறது. மேடையில் வாயசைக்கிறாள், பின்னால் சீலையை இழுக்கிறார்கள், அரங்கமே சிரிக்கிறது, ஓடுகிறாள். அன்று நான் அழுதது கேத்திக்காக. இந்த முறை ஓடுகிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் படம் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பாட்டும் நடனமும் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு வாடகை ஓடிடி போதும், மூவாயிரம் வேண்டாம். டப்பிங், குரல், வானொலி, மேடை என்று தொண்டையை வைத்துப் பிழைக்கிறவர்கள் வாங்கலாம். டப்பா உடைந்து வந்தால் என்னைக் கேட்காதீர்கள், ரப்பர் பேண்ட் வைத்துக்கொள்ளுங்கள். வட்டுக்கு ஐந்துக்கு நான்கு. லீனாவுக்கு ஐந்துக்கு ஐந்து.

மறுநாள் காலை ஒரு நர்ஸ் வேடத்துக்குப் பேசப் போனேன். மைக் சரிபார்க்க ஏதாவது பேசச் சொன்னார்கள். லீனா மாதிரி 'ஐ கான்ட் ஸ்டாண்ட் ஹிம்' என்று இரண்டு தடவை சொன்னேன், முடிந்த மட்டும் மூக்கை இறுக்கி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் தம்பி பட்டனை அழுத்தி, "அக்கா, தொண்டை கட்டியிருக்கா? வெந்நீர் சொல்லட்டுமா?" என்றான்.

இரண்டே வரிதான் பேசியிருந்தேன். நிஜமாகவே கட்டிவிட்டிருந்தது. சொல்லச் சொன்னேன்.